தாய்மையும் திட்டமும்

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர்களின் பட்டியலாகக் கற்பிக்கும் வழக்கம் நம் பாடசாலைகளை விட்டு இன்னும் அகன்றபாடில்லை. மன்னன் எந்த ஆண்டில் முடிசூடினான் என்பது மாணவனுக்குத் தெரியும். அம்மன்னனின் குடிகளாயிருந்த பெண்கள் எத்தனை முறை கருவுற்றார்கள், எத்தனை மகவுகளைப் புதைத்தார்கள், எத்தனை பேர் பேற்றுப் பாயிலேயே உயிர்துறந்தார்கள் என்பதை எந்தப் பாடநூலும் சொல்வதில்லை. போர்க்களத்தில் மாண்டவனுக்கு நடுகல் உண்டு. பேற்றில் மாண்டவளுக்கு அதுவும் அரிது.

ஆயினும், இந்தக் களத்தில் இலங்கைத் தீவு இருபதாம் நூற்றாண்டில் ஈட்டிய வெற்றி உலகோர் வியந்து ஆராய்ந்த வெற்றியாகும். அது எவ்வாறு கைகூடிற்று, எந்த இடத்தில் தடைப்பட்டது, தடைக்கு யார் பொறுப்பு என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். சமுதாய மாற்றத்தைத் திட்டமிட முடியுமா என்னும் வினாவை அடிக்கடி எழுப்புவோர் நாம். அவ்வினாவுக்கு விடை தேட, பெண்ணின் உடலைப்பற்றிய வரலாற்றைவிடச் சிறந்த உரைகல் வேறில்லை.

எடுத்துக்காட்டுக்கு ஒரு நிலப்பரப்பை முன்னிறுத்திக் கொள்வோம். கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டத்தின் நாவிதன்வெளிப் பிரதேசத்தில், வயல்களுக்கிடையே சொறிக்கல்முனை இருக்கிறது. திருச்சிலுவைத் திருத்தலத்தால் பெயர்பெற்ற கத்தோலிக்கத் தமிழூர் அது. அதற்குக் கிழக்கே கடலோரமாகக் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய முஸ்லிம் ஊர்களும், பாண்டிருப்பு, காரைதீவு முதலிய தமிழூர்களும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. கோயில் மணியும் பாங்கொலியும் தேவாலய மணியும் சில கல் தொலைவுக்குள் ஒன்றையொன்று கேட்கும் நிலம் அது. மொழி ஒன்று, வயலும் கடலும் பொது. மாரி மழை ஓங்கினால், நாவிதன்வெளிப் பக்கத்தைக் கல்முனையோடு இணைக்கும் கிட்டங்கித் தாம்போதியின் மேல் வெள்ளம் பாயும், போக்குவரத்து அற்றுப்போகும். பேற்று நோவோ மழை ஓயட்டும் என்று காத்திருப்பதில்லை. வெள்ளத்துக்கு இக்கரையில் நோவெடுத்துக் கிடக்கும் பெண் எச்சமயத்தவளாயினும் அவளுடைய ஆபத்து ஒன்றே. அவளைச் சூழ்ந்துள்ள சட்டமும் வழக்கமும் அச்சமும் மட்டுமே வேறுவேறு.

1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் மாண்டனர். அஃதாவது, ஐம்பது பேற்றுக்கு ஒரு தாயேனும் பலியானாள். ஒரு பெண் ஆறேழு முறை கருவுற்ற அக்காலத்தில், பேறு ஒவ்வொன்றும் உயிரைப் பணயம் வைத்து ஆடும் ஆட்டமாகவே இருந்தது. குருதிப்பெருக்கு, பேற்றுக்குப்பின் வரும் நச்சுக்காய்ச்சல், வலிப்பு, மலேரியாவால் வெளுத்த உடலின் இரத்தச்சோகை ஆகியன கொன்றன. கிழக்குக் கரையில் பேறு பார்த்தவர்கள் ஊர் மருத்துவிச்சியரும், முஸ்லிம் ஊர்களில் ஒஸ்தா மாமியென அழைக்கப்பட்ட பெண்களுமே. அவர்களை அறிவிலிகள் என்று ஏசுவது எளிது. ஆனால், அரசாங்கம் எட்டிப் பாராத குடிசைக்குள் நள்ளிரவில் விளக்கோடு சென்றவர்கள் அவர்கள் மட்டுமே என்பதை மறத்தல் நேர்மையாகாது. அவர்களிடம் இல்லாதது மருந்தும் பயிற்சியும், இருந்தது நம்பிக்கை. பின்னர் வந்த வெற்றியின் இரகசியம் இவ்விரண்டையும் ஒருவர் கையில் சேர்த்ததிலேயே அடங்கியிருந்தது.

1926ஆம் ஆண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. குறிப்பிட்ட எல்லைக்குள் வாழும் மக்கள் அனைவருக்கும் பொறுப்பான ஒரு வைத்திய அதிகாரி, அவரின்கீழ்ச் சுகாதாரப் பரிசோதகர், தாதி, பயிற்சிபெற்ற மருத்துவமாது என அமைந்த ஏற்பாடு அது. நோயாளி வைத்தியசாலையைத் தேடி வரும்வரை காத்திராமல், சுகாதாரம் வீட்டைத் தேடிச் செல்லவேண்டும் என்பது அதன் கோட்பாடு. ஐந்தாண்டு கழித்து, 1931இல், இலங்கைப் பெண்கள் ஆண்களோடு சமமாக வாக்குரிமை பெற்றனர். வாக்குச்சீட்டுக்கும் பேற்றறைக்கும் என்ன தொடர்பு என வினவலாம். தொடர்பு நெருக்கமானது. வாக்குக் கேட்டுக் கிராமத்துக்குப் போனவன், அக்கிராமத்தில் மருந்தகம் இல்லாதது ஏன் என்னும் வினாவை முதன்முறையாக எதிர்கொண்டான்.

அவ்வினாவுக்குக் கூர்மையேற்றியது 1934-35ஆம் ஆண்டு மலேரியாக் கொள்ளைநோய். சில திங்களுக்குள் ஏறத்தாழ 80,000 பேரை அது வாரிச் சென்றது. கொன்றது நுளம்பு மட்டுமன்று, பட்டினியும் சேர்ந்தே கொன்றது என்பதைக் கிராமங்களுக்குள் மருந்தும் உணவும் சுமந்து சென்ற சூரியமல் இயக்கத் தொண்டர்கள் கண்ணாரக் கண்டனர். அவ்வனுபவத்தோடு வந்தவர்களே 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தார்கள். கிராம மருந்தகம், இலவச வைத்தியம், தாய் சேய் நலம் என்பன அரசின் கருணைச் செயல்களாகக் கருதப்பட்ட நிலை மாறி, குடிமக்களின் உரிமைக் கோரிக்கைகளாக உருப்பெற்ற காலம் அது.

இதே காலத்தில் இன்னொரு குரலும் எழுந்தது. கனடாவில் 1873இல் பிறந்து, மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டு, தமிழர் ஒருவரை மணந்தமையால் மிஷனின் ஆதரவை இழந்த மேரி இரத்தினம் அம்மையாரின் குரல் அது. பெண்களின் வாக்குரிமைக்குப் போராடியவர். பள்ளிப் பிள்ளைகளுக்கு உடல்நலப் பாடநூல் எழுதியவர். 1931இல் கிராமப் பெண்களுக்காக லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கியவர். 1937இல் கொழும்பில் குடும்பக் கட்டுப்பாட்டு நிலையமொன்றையும் அவர் திறந்தார். ஒழுக்கம் கெடும் என்று கூக்குரலிட்டோர் பலர். ஓயாப் பேற்றால் நலிந்த பெண்களைத் தம் கையால் தொட்டு வைத்தியம் பார்த்தவருக்கு அக்கூக்குரல் பெரிதாகப் படவில்லை. கருத்தடை அவருக்குப் பெண்ணின் உயிர் காக்கும் வைத்தியமாகவே தோன்றியது.

விளைவு என்ன? 1950 அளவில் தாய் மரணம் ஒரு இலட்சத்துக்கு 600க்கும் கீழே இறங்கிற்று. 2010களில் நாற்பதை ஒட்டியோ அதற்குக் கீழோ நின்றது. வருமானத்தில் இலங்கையைவிடப் பன்மடங்கு உயர்ந்த நாடுகள் சிலவற்றுக்கும் எட்டாத நிலை இது. மலேரியா ஒழிப்பும் பெனிசிலினும் குருதியேற்றலும் இதற்கு உதவின. 1945இல் கொணரப்பட்ட இலவசக் கல்வி, எழுதப் படிக்கத் தெரிந்த தாய்மாரை உண்டாக்கிற்று. எனினும், இவையனைத்தையும் வீட்டுவாசலுக்குக் கொண்டு சேர்த்தவள் மருத்துவமாது. ஏறத்தாழ மூவாயிரம் பேர் கொண்ட பகுதிக்கு ஒருத்தியாக, சைக்கிளிலும் கால்நடையிலும் சென்று, கருவுற்றவளைப் பதிந்து, கிளினிக்குக்கு அழைத்து, பேற்றுக்குப்பின் மீண்டும் வந்து பார்த்தவள் அவள். தாய் ஒருத்தி இறந்தால், ஏன் இறந்தாள் என அதிகாரிகள் கூடி விசாரிக்கும் முறையும் பிற்காலத்தில் ஏற்பட்டது. இறப்பு விதியின் செயல் என்றிருந்த எண்ணம் மாறி, யாரோ பதில் சொல்லவேண்டிய தவறு என்னும் எண்ணம் பிறந்ததே இதில் நாம் காணும் பெரும் புரட்சி.

இதுவரை நாம் கூறியது திட்டமிடலின் நற்பயன். இனி அதன் மறுபக்கத்தைப் பார்ப்போம்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ‘மக்கட்பெருக்கம்’ என்னும் சொல் உலக அரங்கில் ஓங்கி ஒலிக்கத் தொடங்கியது. ஏழை நாடுகள் ஏழைகளாயிருப்பதற்குக் காரணம் நிலவுடைமையுமன்று, காலனியச் சுரண்டலுமன்று. ஏழைப் பெண்கள் பெறும் பிள்ளைகளே என்று ஒரு கோட்பாடு பரப்பப்பட்டது. 1952இல் இந்தியா அரசுவழிக் குடும்பக் கட்டுப்பாட்டை மேற்கொண்டது. 1953இல் இலங்கையில் குடும்பத் திட்டச் சங்கம் தோன்றியது. 1958இல் சுவீடன் நாட்டுடன் உடன்படிக்கை ஏற்பட்டு, பண்டாரகமக் கிராமத்திலும் டயகமத் தேயிலைத் தோட்டத்திலும் முன்னோடி முயற்சிகள் நடந்தன. 1965இல் அரசே இப்பணியை ஏற்றது. 1968இல் குடும்ப சுகாதாரப் பணியகம் அமைந்தது. தாய் சேய் நலத்தோடு கருத்தடையை இணைத்து மருத்துவமாதின் கையில் அதனை ஒப்படைத்தமை இலங்கை செய்த அறிவார்ந்த செயல். 1950களில் ஒரு பெண்ணுக்கு ஐந்துக்கு மேலாயிருந்த பிள்ளைப்பேறு, 2016ஆம் ஆண்டு ஆய்வின்படி 2.2 ஆயிற்று.

ஆனால், கருத்தடை எதற்காக என்னும் வினா தீர்ந்துவிடவில்லை. இவ்வினாவை நம் மொழியில் மிகக் கூர்மையாக எழுப்பியவர் பெரியார் ஈ.வெ.ரா. நாட்டின் வறுமைக்காகவும் குடும்பச் சொத்துச் சிதறாமைக்காகவும் மற்றவர்கள் கர்ப்பத்தடையை ஆதரிக்கிறார்கள். நாமோ பெண்கள் விடுதலையடைந்து சுயேச்சையாக வாழ்வதற்காகவே அதை ஆதரிக்கிறோம் என்னும் கருத்தை அவர் அன்றே தெளிவாக வகுத்தார். இரண்டு நோக்கங்களும் ஒரே கருவியைப் பரிந்துரைக்கலாம். ஆயினும், அவை நடக்கும் பாதைகள் வேறு. முதல் நோக்கத்துக்குப் பெண் ஒரு எண். இரண்டாவதற்கு அவள் ஒரு மனிதப் பிறவி.

எண்ணை நோக்கிய பாதை எங்கு கொண்டு சென்றது என்பதற்கு இந்திய நெருக்கடிநிலையே சான்று. 1976-77ஆம் ஆண்டில் மட்டும் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடைச் சத்திரசிகிச்சைகள் நடந்தன. அதிகாரிகளுக்கு இலக்கு விதிக்கப்பட்டது, ஏழைகள் வேட்டையாடப்பட்டனர். இலங்கையில் அத்தகைய வன்முறை நிகழவில்லை. எனினும், 1980 அளவில் நிரந்தரக் கருத்தடை செய்துகொள்வோருக்குப் பணம் கொடுக்கும் முறை வலுவாக்கப்பட்டது. வயிறு காயும் குடும்பத்தின் முன் பணத்தை நீட்டி, உன் விருப்பப்படி முடிவுசெய் என்பது எவ்வகை விருப்பம்? மலையகத் தோட்டங்களில் நிரந்தரக் கருத்தடை ஏனைய பகுதிகளைவிட உயர்ந்த விகிதத்தில் காணப்பட்டமை தற்செயலன்று. வேறு முறைகளைப்பற்றிய விளக்கமும், அவற்றைத் தேடிச்செல்ல ஓய்வும், முடிவெடுக்கும் தனிமையும் லயன் அறையில் வாழ்ந்த பெண்ணுக்குக் கிட்டியது குறைவே.

முதலாளித்துவ நாடுகளை மட்டும் குறைகூறி நாம் அமைதியடைந்துவிடலாகாது. 1920இல் கருச்சிதைவைச் சட்டபூர்வமாக்கி உலகுக்கு வழிகாட்டிய சோவியத் நாடு, பிறப்பு வீதம் குறைகிறதென்று 1936இல் அதைத் தடைசெய்து, 1955இல் மீண்டும் அனுமதித்தது. ருமேனியாவில் 1966இல் விதிக்கப்பட்ட தடை 1989வரை நீடித்து, மறைவிடச் சிதைவுகளால் ஆயிரக்கணக்கான பெண்களைக் கொன்றது. சீனமோ ஒரு பிள்ளைக்கு மேல் கூடாதென்று வற்புறுத்தி, 2015இல் அதைக் கைவிட முடிவெடுத்தது. பெறு என்றாலும் பெறாதே என்றாலும், ஆணையிடும் குரல் அரசினுடையது, வயிறு பெண்ணுடையது. உற்பத்திச் சாதனங்கள் பொதுவுடைமையாகலாம். பெண்ணின் கருப்பை அப்பட்டியலில் சேராது என்பதை இடதுசாரிகள் ஐயத்துக்கிடமின்றிக் கூறியாக வேண்டும்.

இனி அம்பாறைக்குத் திரும்புவோம். இம்மாவட்டத்தில் எண் என்பது வெறும் எண்ணன்று. அது நிலம், நீர், வாக்கு. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தபின் நிகழ்ந்த குடியேற்றம், மட்டக்களப்பின் தென்பகுதியில் இனங்களின் விகிதத்தை மாற்றியது. 1956இல் கல்லோயாவில் இனக்கலவரம் மூண்டது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மாவட்ட மக்களில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். 39 விழுக்காட்டினர் சிங்களவர். 17 விழுக்காட்டினர் தமிழர். எந்த இனமும் மற்றைய இனத்தின் தொட்டிலை எட்டிப்பார்த்து எண்ணும் நிலை உண்டாயிற்று. போர் ஆண்டுகள் அச்சத்தை முற்றவைத்தன. கல்முனையில் ஒன்றுக்கொன்று அண்மையில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. மக்கள் பேச்சில் ஒன்று தமிழருடையது, மற்றது முஸ்லிம்களுடையது என்றாகிவிட்டது. பேற்று நோவுக்கு இனம் வகுத்த அவலத்தை வேறெங்கே காண்போம்!

இந்த அச்சம் 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் தீயாக வெடித்தது. முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையில் கறியில் காணப்பட்ட கட்டியொன்றை, சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்றார்கள். கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசல் சேதமாயிற்று. பரிசோதித்தபோது அது மாவுக்கட்டி என்பது தெரியவந்தது. உணவில் கலந்து ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை எதுவும் மருத்துவ உலகில் இல்லை. அடுத்த ஆண்டு, உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின், குருநாகலில் ஒரு முஸ்லிம் மருத்துவர் சிங்களத் தாய்மாரை இரகசியமாக மலடாக்கினார் என்னும் குற்றச்சாட்டு நாடெங்கும் பரவியது. அதற்குச் சான்றில்லையெனக் குற்றப்புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. பின்னாளில் அவர் பணிக்கு மீண்டார். எழுத்தறிவில் முன்னணியில் நிற்கும் நாட்டில் இவ்வதந்திகளை நம்பியோர் எத்தனை ஆயிரம்! கருவுறுதல் எவ்வாறு நிகழ்கிறது, எவ்வாறு தடைப்படுகிறது என்பதைப் பாடசாலையில் மறைத்தோம். அந்த வெற்றிடத்தில் வெறுப்பு குடியேறிற்று. பாலியல் கல்வியின்மை ஒழுக்கத்தைக் காப்பதில்லை. அது கடைகளுக்குத் தீ வைக்கிறது.

பெண்ணை எண்ணாக நோக்கும் பார்வை சட்டத்திலும் உறைந்துள்ளது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காக்கும் தேவையிருந்தாலன்றிக் கருச்சிதைவைக் குற்றமாக்கிற்று. அதை விதித்த பிரித்தானியர் தம் நாட்டில் 1967இல் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டனர். இங்கு 1995இல் பாராளுமன்றத்தில் கொணரப்பட்ட சிறு தளர்வும் எதிர்ப்பின் முன் கைவிடப்பட்டது. வசதியுள்ளவள் தனியார் மருத்துவரிடம் போவாள். வறியவள் மறைவிடத்தை நாடுவாள். சட்டம் தண்டிப்பது செயலையன்று, வறுமையை.

அதே 1995இல் பொதுச்சட்டத்தின்கீழ்த் திருமண வயது 18 ஆயிற்று. முஸ்லிம் பெண் அதற்குப் புறம்பாக நிறுத்தப்பட்டாள். 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குறைந்தபட்ச வயதை விதிக்கவில்லை. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுமியின் மணத்தைக்கூடக் காதியின் அனுமதியோடு பதிவுசெய்ய இடமளித்தது. மணப்பெண்ணின் கையொப்பம் வேண்டப்படவில்லை. ‘வலி’யின் ஒப்பம் போதுமாயிற்று. காதிப் பதவி ஆண்களுக்கே ஒதுக்கப்பட்டது. கிழக்குக் கரையின் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டால் முரண்பாடு விளங்கும். இங்கே முஸ்லிம்களிடையிலும் தமிழரிடையிலும் குடிமுறை தாய்வழிப்பட்டது. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகின்றன. மருமகன் பெண்வீட்டில் வந்து வாழ்கிறான். வீட்டுக்கு உரிமையாளியான பெண், தன் திருமணப் பத்திரத்தில் ஒப்பமிட உரிமையற்றவளாக நிறுத்தப்பட்டாள்!

இதை எதிர்த்து முதலில் பேசியோர் வெளியாரல்லர். கிழக்கிலும் புத்தளத்திலும் கொழும்பிலும் வாழும் முஸ்லிம் பெண்களே. காதி நீதிமன்றுகளின் வாசலில் காத்திருந்த பெண்களின் அனுபவங்களை அவர்கள் பல்லாண்டாகத் திரட்டினர். நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் அமைந்த குழு 2018இல் அறிக்கை அளித்தபோது, உறுப்பினர் இரு கூறாகப் பிரிந்து நின்றனர். மார்க்கம் இடந்தராது என்போருக்கு விடையாக உலகில் முஸ்லிம் நாடுகளே நிற்கின்றன. துனீசியா 1956இலேயே பலதார மணத்தைத் தடைசெய்தது. இந்தோனேசியா 2019இல் பெண்ணின் திருமண வயதைப் பத்தொன்பதாக உயர்த்திற்று. பெண்பிள்ளைகளுக்குச் செய்யப்படும் கத்னா குறித்தும் முஸ்லிம் பெண்கள் துணிந்து சாட்சி கூறினர். 2018இல் சுகாதார அமைச்சு மருத்துவர்கள் அதில் ஈடுபடலாகாதெனச் சுற்றறிக்கை விடுத்தது.

குறை ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதன்று. 1968இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் செயற்கைக் கருத்தடையை விலக்கி மடல் விடுத்தார். மாதவிலக்கான பெண்ணை வீட்டுக்குப் புறம்பாக்கிய வழக்கம் இந்துக்களிடையே வேரூன்றியிருந்தது. ஆகவே, பெண்ணுடலைத் தன் எல்லைக்கோடாகக் கருதும் மனப்பான்மை எல்லாக் கூரைகளின் கீழும் உண்டு. பக்கத்து ஊரின் குறையைக் காட்டித் தன் ஊரின் குறையை மறைப்பவன் சீர்திருத்தவாதியல்லன். அவன் இனவாதியின் உடன்பிறப்பு. முஸ்லிம் பெண்ணின் உரிமைக்காகக் கண்ணீர் வடிக்கும் சிலர், அவளுடைய பிள்ளைகளின் தொகையைக் குறைப்பதிலேயே கருத்தாயிருக்கிறார்கள் என்பதையும் நாம் கவனியாமலிருக்க முடியாது.

1994இல் கெய்ரோ நகரில் 179 அரசுகள் கூடி, மக்கட்தொகை இலக்குகளைவிடத் தனிமனிதரின் உரிமையே திட்டத்தின் அடிப்படையாதல் வேண்டுமென ஒப்புக்கொண்டன. களுத்துறையின் மருத்துவமாதும் மேரி இரத்தினம் அம்மையாரும் தம் தொழிலால் மெய்ப்பித்த உண்மை அது. இலங்கை வரலாறு நமக்குத் தரும் படிப்பினையும் இதுவே. திட்டம் பெண்ணின் உயிரையும் விருப்பத்தையும் நோக்கி நடந்தபோது, கதவுகள் தாமாகத் திறந்தன; பிள்ளைத்தொகையும் யாருடைய ஆணையுமின்றிக் குறைந்தது. திட்டம் எண்ணை நோக்கியபோதோ, ஏழையின் கையில் காசு திணிக்கப்பட்டது. அயலவன் கறிச்சட்டியில் மலட்டு மாத்திரை தேடப்பட்டது.

ஆதலின், இக்கரையில் செய்யவேண்டிய பணி தெளிவானது. மாரியிலும் கடக்கத்தக்க பாலம் வேண்டும். மருத்துவமாது இல்லாத பகுதி இருக்கலாகாது. எந்தப் பெண்ணும் எந்த வைத்தியசாலை வாசலிலும் அந்நியளாக உணரலாகாது. மணமகளின் ஒப்பமின்றி மணமில்லை, பதினெட்டுக்குமுன் மணமில்லை என்னும் சட்டம் எல்லாப் பெண்களுக்கும் பொதுவாதல் வேண்டும். இவற்றை அரசிடம் கேட்டுப் பெறுவோம். ஆனால், அரசைக் காத்திராமல் செய்யக்கூடிய ஒன்று ஆசிரியர் கையில் இருக்கிறது. சுகாதாரப் பாடநூலில் இனப்பெருக்கத் தொகுதி என்னும் அதிகாரம் வரும்போது, வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்தைப் புரட்டும் பழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. வீட்டில் அதைப் படிப்பிப்பார் எவருமிலர் என்பதை அறிந்தே அவ்வாறு சொல்கிறோம். அப்பக்கத்தை நின்று நிதானமாக, ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் படிப்பிக்கும் ஆசிரியர், பல மேடைப் பேச்சுகளைவிடப் பெரியதொரு சமுதாயப் பணியைச் செய்தவராவார். மாற்றத்தைத் திட்டமிடுவோர் அந்த வகுப்பறையிலிருந்தே தொடங்கட்டும்.